பத்தைக்குள்ளிருந்து பதில் சொன்ன காடை

போன தை மாதம், மொன்றியல் உறைந்து கிடந்த கிழமையில், அரிசோனாப் பாலைவனத்துக்குக் காடை சுடப் போயிருந்தேன். கூட வந்தவர் டோர்வல் விமான நிலையத்தில் என்னோடு பெட்டி ஏற்றும் மன்னார் அண்ணை. அது அரசாங்கத்தின் பொதுநிலம். வேலியில்லை, வாசலில்லை. லைசென்ஸ் இருந்தால் யாரும் துவக்கோடு இறங்கலாம்.

மூன்றாம் நாள். விடிந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். காய்ந்த ஓடையொன்றின் இரண்டு கரையிலும் பிரிந்து நடந்தோம். என் காலடியில் ஒரு காடைக்கூட்டம் வெடித்துச் சிதறியது. துவக்கைத் தூக்குமுன் மணல் மறுபடி வெறுமையாகிவிட்டது.

சிதறிய காடைகள் கொஞ்ச நேரத்தில் ஒன்றையொன்று கூப்பிட்டுத் தேடும். வேட்டைக்கென்று கடையில் விற்கும் ஊதலை வாயில் வைத்து அதே குரலில் கூப்பிட்டால் பதில் வரும். பதில் வந்த பக்கம் ஊர வேண்டும், அவ்வளவுதான். குந்தியிருந்து ஊதினேன்.

ஒன்றுமில்லை. ஆட்களைப் போல கை தூக்கி நின்ற கள்ளிகளும் என்னோடு சேர்ந்து காது கொடுத்தன. பேந்து, வெகு தூரத்தில், ஒரு பதில்.

ஊதினேன். அது கூப்பிட்டது. நான் நிறுத்த, அதுவும் நிறுத்தியது. நாலடி ஊர்ந்தேன். அடுத்த குரல் எட்டடி நெருங்கியிருந்தது. காடை இப்படி ஆளைத் தேடி வருமா? ஆனாலும் ஆசை விடவில்லை. காடையைப் பறக்கும்போதுதான் சுடவேண்டும் என்பது முறை. வெறுங்கையோடு திரும்பும் வெட்கத்தில் அதையும் மறந்தேன். முன்னால் முள்ளுச்செடிகள் அடர்ந்த பத்தையொன்று அசைந்தது. துவக்கின் சேஃப்டிப் பூட்டைத் தள்ளி, அசைவுக்கு நேரே குறி பார்த்தேன். விரல் விசையில்.

பத்தை முனகியது. "அந்தோனியாரே..."

கள்ளிமுள்ளில் முழங்காலை ஊன்றிவிட்ட அண்ணை. அவருடைய துவக்கும் என் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஓடை வளைந்து எங்களை எதிரெதிரே கொண்டுவந்து விட்டிருக்கிறது. இருவரும் ஒரே கடையில் ஒரே மாதிரி ஊதல் வாங்கியிருந்தோம். மொன்றியல் பனியிலிருந்து போன எங்களுக்கு அந்த இளவெயிலே சுட்டதால், ஆளைக் காட்டிக்கொடுக்கும் செம்மஞ்சள் மேலங்கியைக் கழற்றிப் பைக்குள் திணித்திருந்தோம். அதிலும் இருவரும் ஒரே மாதிரி.

முதலில் இருவரும் தோட்டாக்களைக் கழற்றினோம். அவருடைய முழங்காலிலிருந்து முள்ளைக் குறட்டால் பிடுங்கினேன்.

"நல்லாத்தான் கூப்பிட்டாய் தம்பி. கொழுத்த காடைச்சேவலெண்டு நினைச்சன்" என்றார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்போது எங்களுக்குப் பின்னால், இரண்டு பேர் வாயிலும் ஊதல் இல்லாத நேரம், அதே குரல் ஒருமுறை கேட்டது. காடையா, இன்னொரு ஆளா என்று திரும்பிப் பார்க்காமல் காருக்கு நடந்தோம்.

இப்பவும் டோர்வலில், பெட்டிக் குவியலுக்கு அந்தப் பக்கம் அவர் இருமினால் என் கை அப்படியே நின்றுவிடுகிறது. நான் கேட்க ஆசைப்பட்டதையே எனக்குச் சொல்லும் குரல் எதுவானாலும், அதன் முகத்தைக் காணும்வரை நான் நம்புவதில்லை.