நாண் கழற்றாத வில்

பிள்ளைகளே, ஆனைகட்டியில் ஒரு தோட்டத்துக்கு மோட்டார் பழுதுபார்க்கப் போவேன். அங்கே காவலுக்கு இருந்தவர் ஒல்லியான, நரைத்த மனிதர். எப்போது போனாலும் தன் மூங்கில் வேட்டைவில்லுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்.

"ஏனுங்கண்ணா, உங்க தலை காஞ்சு கெடக்குது, வில்லுக்கு மட்டும் தெனமும் தீவாளியா?" என்றேன் ஒருநாள்.

சிரித்தார். "எண்ணெ இல்லீன்னா மூங்கில் வெடிச்சுப் போகுமுங்க. வேலை முடிஞ்சா நாணையும் கழட்டி வெக்கோணும். இல்லாட்டி வளைஞ்சே நின்னுக்கும், அம்பு போகாது."

"அப்பறம் இதுல நாண் மாட்டியே இருக்குதுங்களே?" என்று முடிச்சில் கைவைத்தேன்.

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க. அது என் பையன் போட்ட முடிச்சு. அன்னிக்குச் சாயங்காலந்தான் அவன ஆனை அடிச்சுது."

முடிச்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அவரே மெல்லச் சொன்னார்: "வில்லு கெடறது தெரியுதுங்க. அவுத்துட்டா, அந்த முடிச்ச மறுபடி யாருங்க போடுவாங்க?"

போன மாதம் மறுபடி போனேன். மூங்கில் வளைந்தபடியே நின்றுவிட்டது. நாண் தளர்ந்திருந்தது, முடிச்சு மட்டும் இறுக்கமாகவே இருந்தது. அந்த வில்லிலிருந்து இனி ஓர் அம்பும் போகாது. அவர் அதற்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.