இடுக்கில்லாத வீடு

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. வேலை செய்யும் இடத்தில் அவர் இடுக்கு அண்ணன். குளிர்பதனக் கிடங்குகளுக்குச் சுவரும் கூரையும் பதிக்கிற வேலை. இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை இறுகிக் கிடக்கும் பஃப் பேனல்களை ஒன்றோடொன்று கோத்து, பெரிய பெட்டி போல ஓர் அறை கட்டுவார்கள். கட்டி முடித்ததும் அவர் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே ஒருவர் பெரிய விளக்கைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடக்க வேண்டும். உள்ளே ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் போதும், "இடுக்கு இருக்கு" என்று கத்துவார். அந்த வரிசை முழுக்கக் கழன்று வரும். இருபத்தெட்டு வருடத்தில் தான் கட்டிய எந்த அறையிலும் குளிர் கசிந்ததில்லை என்று சொல்லுவார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அதைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாத மனுஷன். வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது. சண்டை போடுவதற்கும் நாலு வார்த்தை வேண்டுமே. ஒரே மகள், கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள். அவள் போன் செய்தால் "நல்லா இருக்கியா, இந்தா அம்மாகிட்ட பேசு" என்று சொல்லிவிட்டுப் போனை நீட்டுவார்.

அந்த அம்மாளுக்குத்தான் நரம்பு நோய் வந்தது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள். அப்புறம் இடது கால் இழுத்தது. பரிசோதனைகளை எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "இதுக்கு முக்கிய எதிரி சூடு. உடம்பு சூடானா கை கால் சொன்ன பேச்சக் கேக்காது. சூடு படாம பாத்துக்கிட்டா இன்னும் ரொம்ப வருஷம் சொந்தக் கால்ல நடக்கலாம்."

அவர்கள் குடியிருந்தது நாலு மாடிக் கட்டடத்தின் உச்சி வீடு. மத்தியானத்தில் தலைக்கு மேலே கான்கிரீட் கொதிக்கும். ஏசி மாட்டலாம் என்றால் அந்தக் கட்டடத்தின் பழைய வயர் தாங்காது, மாட்டிய இரண்டு வீட்டில் புகைந்தே போயிற்று. டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் அவர் மனைவியைப் பார்த்து, "சூடுதான? அத நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் அப்படியே நம்பினாள். ஊரில் உள்ள கிடங்குகளில் பாதியைச் சூடு அண்டாமல் அடைத்து வைத்தவருக்கு ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும் எம்மாத்திரம்?

ஆனாலும் முறையாகத்தான் ஆரம்பித்தார். முதலில் பெயிண்ட் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு டப்பாவைத் தட்டிக் காட்டி, "மொட்ட மாடில வெள்ளக் கோட்டிங் ரெண்டு கை அடிங்க சார். வெயில் தாழ்ந்ததும் ஜன்னல் எல்லாத்தையும் தெறந்து விடுங்க. சூடு ஏறாம தடுக்கறது பாதிதான், ஏறினது எறங்கணும்ல" என்றார். இடுக்கு அண்ணனுக்குச் சுருக்கென்றது. பெயிண்ட் விற்கிறவன் தனக்குச் சூட்டைப் பற்றிப் பாடம் எடுப்பதா? ஜன்னலைத் திறப்பதாம்! திறந்து வைத்தால் அப்புறம் அடைப்பது எதற்கு? படி இறங்கிவிட்டார். தெர்மாகோல் விற்கிற கடையில் தகட்டை விரலால் அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கண்ணாடிப் பஞ்சு நல்ல சரக்குதான், ஆனால் தூள் பறந்தால் அவளுக்கு இருமல் நிற்காது. கடைசியில் தன் கம்பெனியிலேயே மூலை மழுங்கி ஒதுக்கி வைத்திருந்த பேனல்களைக் கேட்டு வாங்கி வந்தார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை நடந்தது. கம்பி பிரஷ்ஷால் சுவரைச் சுரண்டித் தூசி துடைத்தார். பேனலின் முதுகில் பசையை வளைத்து வளைத்து இழுத்துச் சுவரில் ஒட்டினார். கூரையில் ஒட்டியதற்குக் கீழே கம்பு முட்டுக் கொடுத்தார். இணைப்புகளில் நுரை பீய்ச்சி, அது உப்பிக் காய்ந்ததும் கத்தியால் சீவி, மேலே வெள்ளி டேப். படுக்கையறைக்கு இருந்த ஒரே ஜன்னல் மேற்கே பார்த்தது, அதை முழுக்கவே மூடினார். மற்ற ஜன்னல்களுக்கும் கதவுகளுக்கும் சுற்றிலும் ரப்பர். அவள் நாற்காலியில் உட்கார்ந்து டேப்பை வெட்டி வெட்டிக் கொடுத்தாள். நடுங்குகிற கையால் வெட்டியதில் பாதி கோணல். அதற்கு முன்னால் ஒரு கோணல் டேப்பை ஒட்டியிருந்தால் அவருக்கு அந்தப் பெயரே வந்திருக்காது. இவள் கொடுத்ததை மட்டும் அப்படியே வாங்கி ஒட்டினார். அவர்களுடைய தாம்பத்தியத்தில் அந்த மூன்று ஞாயிறுகளை மிஞ்சின நாள் இல்லை என்று நான் சொன்னால் மிகையாகாது.

குளியலறை ஒன்றுதான் பாக்கி. அதன் சுவரில் உயரத்தில் ஒரு கிராதி ஜன்னல் இருந்தது. "அத விட்டுடுங்க, ஈரம் போக வேணாமா" என்று அவள் தடுத்துவிட்டாள்.

வேலை முடிந்த அன்று நடுப்பகலில் அவளைப் படுக்கையறைக்குள் நிறுத்தி, தானும் உள்ளே நின்று கதவைச் சாத்தினார். கும்மிருட்டு. அவள் பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இடுக்கே இல்ல" என்றார்.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே இருந்தது. அப்போது வானம் மூட்டம் போட்டிருந்தது, அதனால் எப்படியும் நன்றாகத்தான் இருந்திருக்கும். பிறகு வெயில் வந்தது. அதோடு அவளுடைய உடம்பு கீழே இறங்க ஆரம்பித்தது. ஊன்றுகோல் போய் நாலுகால் நடைச்சட்டம் வந்தது. சமையலறையில் ஒரு தடவை, கட்டிலோரம் ஒரு தடவை விழுந்தாள். இரண்டாவது தடவை இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு இனி சக்கர நாற்காலிதான் என்றார்கள். டாக்டர், "வீட்டுல சூடு எப்படி?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, "எங்க வீட்டுக்குள்ள காத்துகூட என்னக் கேட்டுத்தான் டாக்டர் வரும்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, நோய் நினைத்ததைவிட வேகமாகப் போகிறது என்று எழுதினார். இவர் வீட்டுக்கு வந்து ரப்பரை எல்லாம் பிரித்து, அதைவிடத் தடிமனான ரப்பராகப் பார்த்து ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கும் வியர்க்கத்தான் செய்தது. "நம்ம வீடே இப்படின்னா அடுத்த வீட்டுல எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு" என்பார். அவள் "ஆமாங்க" என்பாள். மற்ற நாட்களில் காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சுவரை ஒரு தரம் தடவிப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். "ஜில்லுனு இருக்குங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் அவருக்குத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

உண்மை தெரிந்தது ஓர் உருளைக்கிழங்குக் கிடங்கில். அவரே ஆறு வருடத்துக்கு முன்னால் கட்டிய அறை. இயந்திரம் நின்று பத்து நாளாகியும் யாரும் கவனிக்கவில்லை என்று மெக்கானிக்கோடு அவரையும் அனுப்பியிருந்தார்கள். அவர்தான் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து புழுக்கம் முகத்தில் வந்து அறைந்தது. வெளியே வெயிலில் நின்றதே தேவலை என்று இருந்தது. மூட்டைகள் அழுகி நீர் விட்டிருந்தன. அவர் பதறிப்போய், "எங்கயோ இடுக்கு இருக்கு, வெளிச் சூடு உள்ள வந்திருக்கு" என்று இணைப்புகளைத் தடவ ஆரம்பித்தார்.

மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "இடுக்கு இருந்திருந்தாத்தான் தப்பிச்சிருக்குமே அண்ணே. கெழங்கும் மூச்சு விடுதுல்ல? அது விடற சூடு போக வழி இல்ல. மெஷின் ஓடுனாத்தான் இது கோல்டு ரூம். நின்னா வெறும் அடுப்பு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததில்லை. இருபத்தெட்டு வருடமாகத் தெரியும். ஆனால் அவர் கட்டிக் கொடுத்த எல்லாப் பெட்டிக்குள்ளும் வேறு யாரோ வந்து இயந்திரம் மாட்டினார்கள். குளிர் உண்டாக்குவது அவர் வேலை இல்லை. உண்டான குளிரைக் காப்பதுதான் அவர் வேலை. வீட்டில் காப்பதற்குக் குளிர் எங்கே இருந்தது? உள்ளே இருந்ததெல்லாம் அடுப்பும் பிரிட்ஜும், பகல் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு மனுஷியும்தான். கையிலிருந்த டேப்பு உருளையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி இரண்டு. கிடங்கில் அடித்த அதே புழுக்கம் அடித்தது. கூடத்தில் அவள் இல்லை. படுக்கையறையிலும் இல்லை. குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

கிராதி ஜன்னலுக்கு நேர் கீழே, ஈரத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சக்கர நாற்காலி வாசலை அடைத்துக்கொண்டு காலியாக நின்றது. முதுகுக்கு ஒரு தலையணை. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்ச் சொம்பு, மாத்திரை டப்பா, மகள் அனுப்பிய பத்திரிகைகள் ஓர் அடுக்கு. குழாயில் ஒரு கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு எழுவதற்கு வாகாக அதில் நாலைந்து முடிச்சுகள் போட்டிருந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் ஏற்பாடு இல்லை அது. முடிச்சுகள் கறுத்திருந்தன.

"நீங்களா? இன்னைக்கு என்ன சீக்கிரம்?" என்று பதறித் தலையணையை இழுத்து மறைக்கப் பார்த்தாள்.

"தெனமும் இங்கதானா?"

"அஞ்சு மணிக்கு வெளிய வந்துடுவேங்க. கூடத்து ஜன்னலக் கொஞ்ச நேரம் தெறந்து வெச்சுட்டு, நீங்க வர்றதுக்குள்ள சாத்திடுவேன்."

"ஏன்டி சொல்லல?" நாற்காலியை வாசலிலிருந்து இழுத்து நகர்த்தினார்.

அவள் தலையணையை விட்டுவிட்டாள். "சொல்லணும்னுதான் தெனமும் நெனப்பேன். நீங்க வந்து நின்னு, எப்படி இருக்குன்னு கேப்பீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க என்கிட்ட எதையாவது எப்படி இருக்குன்னு கேட்டிருக்கீங்களா? இப்பத்தான் கேக்கறீங்க. நல்லா இல்லன்னு எப்படிங்க சொல்ல?"

அவர் திரும்பிப் போய்க் கடப்பாரையை எடுத்துப் படுக்கையறைச் சுவரில் குத்தினார். பசை அப்படிப்பட்ட பசை. பேனல் வரவில்லை, ஓரத்தில் ஒரு கைப்பிடி நுரைதான் பிய்ந்து வந்தது. மறுபடியும் குத்தினார். காரைதான் கொட்டியது. அவர் ஒட்டியதை அவராலேயே கழற்ற முடியவில்லை. கடப்பாரையைப் போட்டுவிட்டுக் குளியலறை வாசலுக்கு வந்து, "எல்லாத்தையும் பிச்சு எறிஞ்சுடறேன். ஆள் கூட்டிட்டு வந்து நாளைக்கே பிச்சுடறேன்" என்றார்.

"சரிங்க" என்றாள். பிறகு கயிற்றின் முடிச்சை விரலால் நெருடிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "இத ஒட்டாம இருந்திருந்தாலும் நான் விழுந்துதான இருப்பேன்? நோய்தான காரணம்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைத்தான் அவள் கேட்டாள். கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள். இத்தனை மாதமாகத் தினமும் அவருக்காகப் பொய் சொன்னவள் அவள். இடுக்கு அண்ணன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு தரம் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வரவில்லை.