ஓட்டை அட்டையில் எங்கள் வீடு

அன்றைக்குக் கிணற்றடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் மாமியார், என் ஓரகத்தி, வயிற்றில் பிள்ளையோடு நான், என் முந்தானையைப் பிடித்தபடி என் மூத்த மகள், அப்புறம் மெட்ராஸிலிருந்து வந்த கம்ப்யூட்டரம்மா. வேறு யாரும் இல்லை. ஆம்பளைங்க யாராவது இருந்திருந்தால் அந்தப் பேச்சே நடந்திருக்காது. அந்தம்மா கையில் ஒரு அட்டை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை கனத்தில், அதைவிடக் கொஞ்சம் நீளமாக, உடம்பெல்லாம் பொடிப்பொடி ஓட்டைகளோடு. அது இப்போது என் பீரோவில், ரேஷன் கார்டுக்கும் வீட்டுப் பட்டாவுக்கும் நடுவில் இருக்கிறது.

அவர் யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எண்பதுகளின் தொடக்கம். பென்னாகரம் பஸ்ஸில் வந்து ரோட்டில் இறங்கி, வெயிலில் குடை பிடித்து நடந்து வருவார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்து முளைக்கிற பல், பழுப்புக் கறையோடு முளைக்கும். சில பெரியவர்களுக்கு முதுகு விறைத்துப்போய்க் குனிய முடியாது. வம்ச வாகு என்று விட்டுவிட்டிருந்தோம். குடிக்கிற தண்ணீரில் இருக்கும் ஒரு உப்புதான் காரணம் என்று யுனிவர்சிட்டிக்காரர்களுக்குச் சந்தேகம். பல் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் வந்து பிள்ளைகளின் வாயைப் பார்த்துப் போனார்கள். வேதியியல்காரர்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், என்ன சாப்பாடு, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியது இவர். மூன்றையும் வீட்டுக்கு ஒரு அட்டையில் ஓட்டைகளாகப் போட்டுக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் அது சேர்த்துப் பார்த்துச் சொல்லும் என்றார். அந்த மெஷினுக்குத் தனி அறை, குளிர்காற்று, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று சொன்னபோது என் மாமியார், “அப்ப அது சாமிதான்” என்று முடித்துவிட்டார். கம்ப்யூட்டரம்மா என்ற பேர் அப்படித்தான் வந்தது.

நான் ஏழாவதோடு நின்றவள். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அப்போது பெரிய பயம் இரண்டு. மூத்தவளுக்கு முன்பல் இரண்டும் முளைத்து, கறையும் தெரிந்துவிட்டது, இவளை யார் கட்டுவார்கள் என்பது ஒன்று. வயிற்றில் இருப்பதற்கும் அப்படித்தானா என்பது இன்னொன்று. அதனால் அவர் எப்போது வந்தாலும் மோர் கொடுத்து உட்காரவைத்து, மெஷின் என்ன சொல்லிற்று என்று கேட்பேன். சலிக்காமல் பதில் சொல்வார். புரியாததை இன்னொரு தரம் கேட்டால் முகம் சுளிக்காத படித்தவர் ஒருவரை நான் முதலில் பார்த்தது அப்போதுதான்.

எங்கள் ஊரில் குடிதண்ணீருக்கு இரண்டு கிணறு. வாசலுக்கு எதிரே, பாறையை உடைத்துத் தோண்டியது ஒன்று. ஏரிக்கரைப் பக்கம், நடந்து போகவேண்டிய புளியமரத்துக் கிணறு ஒன்று. மெஷின் கொடுத்த பதில், பல் கெட்ட பிள்ளைகளெல்லாம் புளியமரத்துக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் என்றது. பாட்டில் தண்ணீரைச் சோதித்தவர்களோ அந்தக் கிணற்றில் ஒரு குற்றமும் இல்லை, உப்பெல்லாம் பாறைக் கிணற்றில்தான் என்றார்கள். ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. வீடு வீடாகப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து நீங்களே எழுதிக்கொண்டு வந்தீர்களா என்று அவருடைய பேராசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அந்தம்மா கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்றைக்கு இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நாங்கள் பாறைக் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தோம். அவர் கயிற்றைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், எங்கள் மூவரையும் பார்த்தார்.

“புளியமரத்துக் கிணறுன்னுதானே சொன்னீங்க? இது எந்தக் கிணறு?”

என் மாமியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஓரகத்தி முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். நான் கயிற்றையே பார்த்தேன். என் மகள்தான் பட்டென்று, “எங்கப்பா பேருக் கெணறு” என்றாள். பேரையும் சத்தமாகச் சொன்னாள்.

அந்தக் கிணற்றைத் தோண்டியவர் என் மாமியாருக்கு மாமனார். அவர் பேரில்தான் கிணறு. தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம், ஆகவே என் வீட்டுக்காரருக்கும் அதே பேர், பங்காளி வீடுகளில் பாதிப் பேருக்கும் அதே பேர். மாமனார் பேரையோ புருஷன் பேரையோ கொழுந்தன் பேரையோ எந்த மருமகள் வாயைத் திறந்து சொல்வாள்? இவர் கேட்டபோது எல்லாரும் சொல்லக்கூடிய கிணற்றின் பேரைச் சொல்லிவிட்டோம். மழைக்காலத்தில் அங்கேயும் மொண்டதுண்டு. பொய் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

விஷயம் புரிந்ததும் அந்தம்மா துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரும் இருந்தது.

“உங்க மாமனார் கம்ப்யூட்டரையே ஏமாத்திட்டாரும்மா,” என்றார் என் மாமியாரைப் பார்த்து.

“உசுரோட இருந்தப்ப ஊரையே ஏமாத்துனவருதான்,” என்றார் என் மாமியார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போனார். இந்தத் தடவை பேரைக் கேட்கவில்லை, கிணற்றைக் கையால் காட்டச் சொன்னார். அப்புறம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டிவிட்டதாம். சொல்லிவிட்டுப் போக வந்த அன்றைக்குத்தான் அந்த அட்டையை என்னிடம் கொடுத்தார். “இது உங்க வூடு,” என்றார், எங்கள் பேச்சிலேயே. “இதுல கிணறு தப்பா இருக்கு. புது அட்டை போட்டாச்சு, இது இனி ஆகாது.” பிறகு என் வயிற்றைப் பார்த்து, “பொறக்கறதுக்கு அந்தத் தண்ணி வேண்டாம். பால்பல் விழுந்து முளைக்கட்டும், நானே வந்து பார்க்கறேன்,” என்றார்.

தன் மாமனார் கிணற்றை விஷம் என்கிறாளா என்று மாமியார் வெகுநாள் என்னோடு பேசவில்லை. நான் நிறைமாதத்திலும் ஏரிக்கரைக்கு நடந்தேன். ஒருநாள் வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தபோது, மாமியாரே வந்து குடத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

சின்னவளுக்குப் பல் விழுந்து முளைத்தது. அந்த வருஷம் முழுக்க, பென்னாகரம் பஸ் போகும் சத்தம் கேட்டால் ரோட்டைப் பார்ப்பேன், குடை தெரிகிறதா என்று. அந்தம்மா வரவில்லை. வேறு ஊருக்கு வேலையாகப் போனாரோ, கல்யாணமோ, உடம்புக்கு ஏதாவதோ. என் புத்திக்குக் கெட்டதுதான் முதலில் தோன்றும். அவர் பேரைக்கூட நான் சரியாகக் கேட்டுவைக்கவில்லை.

இப்போது பேரன் கையடக்கப் போனில் என்னத்தையோ தட்டிக் கேட்கிறான், உடனே பதில் வருகிறது. பாறைக் கிணற்றை மூடியாயிற்று. அதன் பேரை எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை. மூத்தவளுக்கும் கல்யாணமாகி நல்லபடியாக இருக்கிறாள், ஆனால் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். சின்னவள் வாய்விட்டுச் சிரிப்பாள். பொங்கலுக்கு இரண்டு பேரும் வந்திருந்தபோது அந்த அட்டையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஓட்டைக்கு ஓட்டை வெளிச்சம். இதில் மூத்தவள் எந்த ஓட்டை என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். சின்னவள் இதில் இல்லை. அவளை அந்தம்மா நேரில்தான் பார்க்க வேண்டும்.