கண்ணில் வைக்கும் வெள்ளை

நாய்ப் படம் வரைகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கண்ணை முதலில் வரைகிறவர்கள், கடைசியில் வரைகிறவர்கள். நான் கடைசி. காது, மூக்கு, மோவாய் மயிர், கழுத்துப்பட்டை எல்லாம் முடிந்த பிறகும் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பழுப்புக் குழிகள்தான் இருக்கும். அதுவரை அது யாருடைய நாயும் இல்லை. கருவிழி போட்டு, அது காய்ந்ததும், மெல்லிய பிரஷ் நுனியில் ஒரு துளி வெள்ளை எடுத்து வைப்பேன். அப்போது அது திரும்பிப் பார்க்கும். அந்த நொடிக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன். மற்றபடி இது அப்படியொன்றும் குதூகலமான வேலை இல்லை.

என்னிடம் வரும் நாய்கள் பெரும்பாலும் செத்துப்போனவை. உயிரோடு இருக்கும்வரை ஒழுங்காக ஒரு போட்டோ எடுத்துவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. போன பிறகு பழைய போனைத் துழாவி, குழந்தையின் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் பாதி முகம் தெரியும் படம் ஒன்றைக் கண்டுபிடித்து அனுப்புவார்கள். "கொஞ்சம் சிரிச்ச மாதிரி வரைஞ்சிடுங்க மேடம்" என்பார்கள். கண் இருக்கும் இடத்தில் பிளாஷ் பட்டுப் பச்சையாக ஒரு திட்டு இருக்கும். கேக்கைத் தள்ளிவிட்டு நாயை வெளியே இழுப்பதும் என் பாடு, கண்ணைக் கண்டுபிடிப்பதும் என் பாடு. எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் படம் போய்ச் சேர்ந்ததும் ஒரு குரல் செய்தி வரும். அதில் பேச்சே இருக்காது, மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் இருக்கும். அதைக் கேட்ட பிறகு எரிச்சல்பட முடியாது.

நானும் கணவரும் இருப்பது பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில். ஒரு கூடம், ஒரு சமையலறை. கூடத்தில் தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். அதன் எதிரில்தான் என் ஸ்டாண்டும் கேன்வாஸும். ஜன்னல் கிரில்லில் எல்லாக் கம்பியும் நேராக இருக்க, ஒன்று மட்டும் நடுவில் வளைந்து பக்கத்துக் கம்பி மேல் சாய்ந்திருக்கும். எங்களுக்கு முன் இருந்தவர்கள் படி குறுகல் என்று பீரோவைக் கயிறு கட்டி வெளிப்பக்கமாக ஏற்றினார்களாம். அது ஊஞ்சலாடி வந்து இடித்த இடம் அது. அடுகோடியில் தெரிந்த வெல்டர் இருக்கிறார், கூட்டிவந்து நிமிர்த்திவிடுகிறேன் என்று வீட்டுக்காரர் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்களிடமும் ஒரு நாய் உண்டு. தெருவில் கிடந்து வீட்டுக்கு வந்தவன். இப்போது கிழவன். இரண்டு கண்ணிலும் பால் படிந்து பார்வை முழுதாகப் போய்விட்டது. இந்த வயசில் அறுவை சிகிச்சை வேண்டாம், இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்வை போனதிலிருந்து அவனுக்கு நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நான் படி இறங்கிய மறு நிமிஷம் ஊளை ஆரம்பிக்கும். சாதாரண ஊளை இல்லை, வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று தெருவே எண்ணும் ஊளை.

வீட்டுக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்களுக்கு நேர் கீழே இருக்கிறது அவருடைய குடும்பம். மகளுக்கு ராத்திரி ஷிப்ட்டில் வேலை. ஒருநாள் ஊளை அடங்கிய பிறகு அவர் மேலே வந்து, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"நோடிம்மா, உங்க நாய் மேல எனக்குக் கோபம் இல்ல. பொண்ணு ராத்திரி பூரா கெலசா பண்ணிட்டு வந்து பகல்லதான் தூங்குது. இன்னொரு தடவ இப்படி அழுதா வேற மனெ பாத்துக்கோங்க. தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. வேறு வீடும் பார்த்தோம். ஈஜிபுராவில் ஒரு தரகர் நாய் என்ற சொல்லைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டார். இந்த ஊரில் நாயோடு வாடகை வீடு தேடியவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. ஆகவே நான் வெளியே போவதை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கணவரை அவனுடன் விட்டுப் பார்த்தோம், அவர் மடியில் உட்கார்ந்துகொண்டே ஊளையிட்டான். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அவன் கனம் எனக்கு முடியாது. காலையும் மாலையும் கணவர்தான் அவனைத் தூக்கி இறக்கி ஏற்றுகிறார். காய்கறி, பால், என் பெயின்ட், எல்லாம் அவர் வாங்கிவருவதுதான். இரண்டு மழைக்காலம் இப்படிப் போய்விட்டது. சில நாள் இவன் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று தோன்றும். தோன்றிய கையோடு தட்டில் ஒரு கரண்டி தயிர்சாதம் கூடப் போட்டு வைப்பேன்.

வெளியுலகம் என்று எனக்கு மிஞ்சியது போனில் இருந்த ஒரு குழுதான். வளர்ப்புப் பிராணிகளை வரைகிற ஐந்து பேர், எல்லோருக்கும் தமிழ் தெரியும், யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. மதுரையில் ஒருவர் கிளி மட்டும் வரைவார். சிங்கப்பூரில் ஒருவருக்கு மீன். முடித்த படத்தைச் சாயங்காலம் குழுவில் போட்டால் மற்ற நான்கு பேரும் பெரிதாக்கிப் பார்த்து, இடது காது சரியில்லை, மீசையில் ஒன்று கூட இருக்கிறது என்று பிரித்து மேய்வார்கள். எனக்கு அது பிடிக்கும். வீட்டில் கணவர் எல்லாப் படத்துக்கும் "சூப்பர்" என்பார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த நால்வரில் எனக்கு நெருக்கம் திருப்பூரில் பூனை வரைகிற அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர். குழுவுக்கு வெளியே தினமும் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவார். குக்கர் விசில், பக்கத்து பனியன் கம்பெனி இரைச்சல், எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் குரல் வரும். என்னைக் கண்ணு என்று கூப்பிடுவார். அவர்கள் பக்கத்தில் வயசில் சின்னவர்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். தெரிந்தும் எனக்கு அது எனக்காகவே வைத்த பெயர் போல இருக்கும்.

என் நிலைமையை மட்டும் அவரிடம் சொன்னதில்லை. கணவர் வேலைக்குப் போகிற வழியில் அல்சூர் ஏரியைப் போட்டோ எடுத்து அனுப்புவார். அதைக் குழுவில் போடுவேன். நான் தினம் நடக்கப் போகிறேன் என்று அவர்களாக எடுத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பில் நானும் கொஞ்சம் நடந்துகொண்டேன். வெளியே போகிற ஒருத்தியாக எங்கோ நான்கு பேருக்காவது இருக்கிறேன் என்பது எனக்கு வேண்டியிருந்தது.

போன ஆனி மாதம் அக்கா பெங்களூர் வருவதாகச் சொன்னார். தங்கை மகளைக் கல்லூரி விடுதியில் விட வேண்டும், காலையில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறார். "நீ நடக்கற அந்த ஏரிக்கரையிலயே ஒக்காந்து பேசலாம் கண்ணு. ஒரு மணி நேரம் போதும்." சரி என்றுவிட்டேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். ஒரு மனுஷியோடு, திறந்த வெளியில், கிரில் இல்லாமல் உட்கார வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

கணவர் அரைநாள் லீவு போட்டார். "நான் இருக்கேன்ல, நீ கெளம்பு" என்றார். வெளியே கிளம்புவதென்றால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் வாடை போகச் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் குளிப்பேன். நகத்தில் ஒட்டிய பெயின்டைச் சுரண்டி எடுப்பேன். பீரோவில் மடித்து வைத்த நல்ல சுடிதாரைப் போடுவேன். அன்றும் அப்படியே செய்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் படி இறங்கினேன். முனை பேக்கரியைத் தாண்டவில்லை. ஊளை கேட்டது. வீட்டுக்காரரின் கதவு திறக்கும் முன் மேலே போய்விட வேண்டும் என்று ஓடினேன். திரும்பிப் படியேறும்போது கீழ்வீட்டு ஜன்னல் திரை அசைந்ததைப் பார்த்தேன்.

"என்ன பண்ணச் சொல்ற" என்றார் கணவர். என்ன பண்ணச் சொல்ல? அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தேன். உடம்பு சரியில்லை, வர முடியாது என்றேன்.

அந்தப் பக்கம் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. ஏரிக்கு வந்துவிட்டிருந்தார்.

"உடம்பு சரியில்லீன்னா பரவால்ல கண்ணு. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. நீ வரைஞ்ச நாய் அத்தனையையும் நான் பெருசு பண்ணிப் பாத்திருக்கறேன். எல்லாத்துக் கண்ணுலயும் ஒரே ஜன்னல் இருக்குது. அதுல ஒரு கம்பி வளைஞ்சிருக்குது. நீ அந்த ரூமை விட்டு எந்திரிச்சே போறதில்லியா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே சுவரில் காய்ந்துகொண்டிருந்த படத்தின் கிட்டே போய்ப் பார்த்தேன். சென்னையில் செத்துப்போன ஒரு லாப்ரடார். கண்ணில் நான் வைத்த வெள்ளை ஒரு துளி இல்லை. சின்னச் சின்னக் கட்டங்கள், அதில் ஒரு கோடு மட்டும் கோணல். கேன்வாஸிலிருந்து தலையைத் தூக்கினால் எதிரில் தெரிவது அந்த ஜன்னல்தான். பிளாஷ் பட்ட கண்ணில் வெளிச்சம் எங்கே வைப்பது என்று தெரியாதபோதெல்லாம் என் கை அதையே எடுத்து வைத்திருக்கிறது. துபாயிலும் சேலத்திலும் மைசூரிலும் யார் யார் வீட்டுச் சுவரிலோ அவர்களுடைய நாய் என் கிரில்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாகவே நிற்கவில்லை. போனிலேயே எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். ஊளை, வீட்டுக்காரர், ஏரிப் படங்கள், எல்லாவற்றையும்.

"எந்த சந்து?" என்று மட்டும் கேட்டார்.

சந்தின் பெயரைச் சொன்னேன். கதவு எண்ணை அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழே ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பருத்திப் புடவையில் குள்ளமாக ஒருவர் அண்ணாந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் ஜன்னலுக்கு நேரே நின்றார். வளைந்த கம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அக்கா உள்ளே வந்து எனக்கு முன்னால் அவனுக்குத்தான் கையை நீட்டினார். புது ஆள் வந்தால் குரைப்பவன் குரைக்கவில்லை. என்னைத் தாண்டிப் போய் அவர் விரலை ஒவ்வொன்றாக மோந்தான். பிறகு அவர் காலடியில் தொப்பென்று படுத்தான். நாங்கள் பேசினோம் என்று சொல்ல முடியாது. எனக்காக முந்தின நாள் அவசரமாக வரைந்த பூனைப் படம் ஒன்றைக் கொடுத்தார், இன்னும் காயாமல் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் காபி போட்டேன். அதைக் குடித்து முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாம தினமும்தான் பேசறோம். நீ போயிட்டு வா கண்ணு. பஸ்ஸுக்கு நேரமிருக்குது, நான் இவனோட ஒக்காந்திருக்கறேன்."

"உங்களப் பாக்கத்தானக்கா..."

"பாத்தாச்சில்ல? போ."

போனேன். பேக்கரி வந்தது, நின்று காதைக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஹாரன், இஸ்திரி வண்டிக்காரரின் ரேடியோ, அவ்வளவுதான். ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எவ்வளவோ நாளாகக் கேட்ட ஒரு மணி நேரம் கைக்கு வந்துவிட்டது. பேச வேண்டியவர் என் வீட்டில் இருந்தார். நான் போனை எடுத்து எப்போதும் போல அவருக்கு எழுதினேன். அழுகிறானா?

பதில் குரலில் வந்தது. "அழுகவே இல்ல. என்ற கையில இருக்கற டர்பன்டைன் வாசத்த மோந்துட்டே படுத்திருக்கறான். நீயின்னு நெனைச்சுட்டான் போல." கூடவே ஒரு போட்டோ. அவருடைய உள்ளங்கையில் மூக்கை வைத்துக் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தான்.

மடியில் கிடந்த என் கையைப் பார்த்தேன். சோப்பு வாசனை வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கிளம்பியது அவனுக்குத் தெரிந்த என்னைத்தான். அவன் அழுதது எனக்காகத்தானா, அந்த வாடைக்காகவா? இத்தனை நாள் இவனுக்கு என்னை விட்டால் யாருமில்லை என்று உட்கார்ந்திருந்தேனே. சந்தோஷப்பட வேண்டிய சமயம் அது. பெயின்ட் துடைத்த பழந்துணி ஒன்றைப் பக்கத்தில் போட்டுவிட்டு நான் எங்கேயும் போகலாம் என்றால் துள்ளிக் குதிக்க வேண்டும். எனக்கோ துள்ளத் தோன்றவில்லை.

தொழில் பழக்கத்தில் போட்டோவைப் பெரிதாக்கி அவன் கண்ணைப் பார்த்தேன். வெறும் பால் நிறம். அதில் ஜன்னல் இல்லை, கம்பி இல்லை, ஒன்றுமே இல்லை. எதிரே ஏரியில் வாத்துகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு பெண் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு போனாள். பெஞ்சிலிருந்து எந்தப் பக்கமும் பாதை இருந்தது. எழுந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வந்த வழியிலேயே நடந்தேன்.

கதவைத் தள்ளியபோது அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் தலையைத் தூக்கவில்லை.

"ஏங்கண்ணு, அதுக்குள்ள வந்துட்ட?" என்றார்.

"வேற எங்க போறதுன்னு தெரியலக்கா" என்றேன்.