கட்டில் போடக்கூடாத இடம்

நான் கொத்தனார். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுதிப் பழக்கமில்லை. கோபம் இறங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் தங்கையின் வீட்டுக்காரர் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். திருநெல்வேலிப் பக்கம். இருபத்தைந்து வருஷமாகப் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கிறார். உட்காரக் கூடாது. இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு கிடக்கிறது. அந்தக் காலில் நின்று சேர்த்த காசு. அதில் ஒரு வீடு. இரண்டு பேரும் அதையேதான் பேசுவார்கள். தங்கைக்கு ஜன்னலில் கடல் தெரிய வேண்டும். மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் கழிவறைக் குழாய்தான் தெரியும் அவளுக்கு.

வீடு கிடைத்தது. சாந்தோம் பக்கம், கடலிலிருந்து இரண்டாவது தெரு. மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. பழசு. பால்கனியில் நின்றால் எதிரே இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு முழம் கடல் தெரியும். அந்த ஒரு முழத்துக்காக அவள் சரி என்றுவிட்டாள்.

என்னைக் கடைசியில்தான் கூப்பிட்டார்கள். அதற்குள் ஊரே பார்த்திருந்தது. வக்கீல் பத்திரம் பார்த்தார். வில்லங்கம் பார்த்தார். வாஸ்து பார்க்கிறவர் காம்பஸோடு வந்து சமையலறை சரியான மூலையில் இருக்கிறது என்றார். லோன் கிடைக்குமா என்று பேங்கிலிருந்து ஒரு ஆள் வந்தார். வாசலில் நின்று போனில் நாலு போட்டோ எடுத்தார். அளவு கேட்டு எழுதிக்கொண்டார். போய்விட்டார். பேங்கே சரி என்றுவிட்டது, அப்போது வீடு நல்ல வீடுதானே என்றாள் தங்கை. பேங்க் ஆள் பார்த்தது பேங்குக்காக. உனக்காக இல்லை. இதைச் சொன்னால் யாருக்கும் ஏறவில்லை.

வீட்டைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள்.

நான் போனது ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ். கூடப்பிறந்தவன் பார்க்காமல் வாங்கினால் நன்றாக இருக்காது என்று கூட்டிப்போனார்கள். சந்தோஷப்படக் கூட்டிப்போனார்கள். சோதிக்க இல்லை.

புரோக்கர் கதவைத் திறந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு போன். நான் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். உடனே என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

"நல்லதாப் போச்சுண்ணே. வேலை வந்தா சொல்றேன். வீடு எப்டி கீது? காத்து பாத்தியா? ஏசியே வேணாம்."

காற்றுதான் விஷயமே. கடல்காற்றில் உப்பு இருக்கிறது. அது காங்கிரீட்டுக்குள் இறங்கும். கம்பியைப் பிடிக்கும். துரு ஏறினால் கம்பி பருக்கும். பருத்தால் சுற்றியிருக்கும் காங்கிரீட்டைத் தள்ளும். வெடிக்கும். உதிரும். இத்தனை வருஷம் உப்புக்காற்று வாங்கிய கட்டடத்தில் சீலிங்கில் ஒரு விரிசலாவது இருக்க வேண்டும். இங்கே ஒன்றுகூட இல்லை. பால் மாதிரி வெள்ளை. யாரோ புதுசாகப் பூசியிருக்கிறார்கள்.

மூலையில் தென்னந்துடைப்பம் கிடந்தது. பக்கத்தில் ஒட்டடைக் கம்பு. கம்பை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து சீலிங்கைத் தட்டினேன். நல்ல தளம் கல் மாதிரி சத்தம் தரும். இது பானை மாதிரி தந்தது. நாலு அடி தள்ளித் தட்டினேன். பானை. படுக்கையறையில் தட்டினேன். பானை.

"இன்னாண்ணே, பல்லி அடிக்கிறியா?" என்றார் புரோக்கர். தங்கை சிரித்தாள். அவள் படுக்கையறை நடுவில் நின்று கையால் அளந்துகொண்டிருந்தாள். கட்டில் எங்கே வரும் என்று பார்க்கிறாள். இப்படித் தலை வைத்தால் காலையில் கண் திறந்ததும் கடல்.

வெளியே வந்து மாடிப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மாடிப்படி எல்லோருக்கும் பொது. அதற்கு யாரும் பூசவில்லை, பெயிண்ட் அடிக்கவில்லை. தளத்தின் அடியில் பழுப்புக் கோடு நீளமாக ஓடியது. ஒரு இடத்தில் காங்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தது. விற்கிறவர் பெயிண்ட் அவர் வாசலோடு நின்றிருந்தது.

கீழே டீக்கடையில் தங்கை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வேணாம் மாப்ள. மேல பூசி மறைச்சிருக்கான். வாங்கியே ஆவணும்னா ஒரு இன்ஜினியர இட்டாந்து காட்டு. அப்புறம் அட்வான்ஸ் குடு."

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு விரிசல் இருக்கா மச்சான்? காட்டுங்க பாப்பம்."

"இல்ல. அதான் சொல்றேன்."

"விரிசல் இருந்தா வேண்டாம்பீங்க. இல்லன்னாலும் வேண்டாம்பீங்க. கொத்தனாருக்கு எந்த வீட்டப் பாத்தாலும் இடிக்கத்தான் தோணும்."

"நானா இடிக்கப் போறேன்? ஒரு ஆள வெச்சுப் பாருன்றேன்."

"இன்ஜினியர கூட்டிட்டு வந்தா விக்கிறவருக்கு மனசு கஷ்டப்படும். நம்பாம வந்திருக்கான்னு நெனப்பாரு. பெரிய மனுசன், மரியாதையா பேசுதாரு. வாஸ்துல நல்லாருக்கு. பேங்க்ல நல்லாருக்கு. உங்களுக்கு மட்டும் ஆகல. நாங்க ஒரு வீடு வாங்குனா உங்களுக்கு எங்க மச்சான் வலிக்கு?"

நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஊரெல்லாம் வீடு கட்டினேன், எனக்கு இல்லை. அதைத்தான் சொன்னார். தங்கை டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேச்சை அவள் தடுக்கவில்லை.

எழுந்து போயிருக்கலாம். கால் எழுந்துவிட்டது. ஆனால் அவள் கையால் அளந்தது கண்ணில் இருந்தது. உட்கார்ந்தேன்.

"எப்டித் தெரியும்னு கேளு," என்றேன்.

"எப்டித் தெரியும்?"

"நான் பூசிக்கீறேன். இதே மாதிரி. விக்கறதுக்கு முன்னாடி கூப்புடுவாங்க. துருவுக்குள்ள கம்பி துடைப்பக்குச்சி மாதிரி இளைச்சுக் கெடக்கும். துருவ சுரண்டி, மருந்தடிச்சு, புதுக் கம்பி கட்டி செய்யணும்னு சொல்லுவேன். அதெல்லாம் வேணாம், மூடிட்டுப் போன்னுவாங்க. மூடிட்டு வந்துடுவேன். பட்டி பாத்து வெள்ளை அடிச்சா ரெண்டு வருசம் தெரியாது."

பஸ் ஒன்று போனது.

"எத்தினி வூடுண்ணா?" என்றாள் தங்கை.

"நாலு. அஞ்சு."

"அங்க குடி வந்தவங்க?"

அடையாறில் ஒரு வீடு. நான் கடைசிப் பூச்சுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வாங்குகிறவர்கள் வந்துவிட்டார்கள். வயதான இரண்டு பேர். அந்த அம்மா எனக்கு மோர் வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தார். வீடு நல்லா இருக்காப்பா என்று கேட்டார். பூசுகிற கரணை என் கையில் இருந்தது. நல்லா இருக்கும்மா என்றேன். மோரைக் குடித்தேன்.

இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த மாதிரி என்னை யாரும் பார்த்ததில்லை. பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பினாள்.

"இன்ஜினியர இட்டாந்து பாக்கலாம். இல்லன்னா எனக்கு வூடே வேணாம்."

அட்வான்ஸ் தள்ளிப்போனது. விற்கிறவருக்கு மனசு கஷ்டப்படத்தான் செய்தது. போனில் மாப்பிள்ளையை ஒரு பிடி பிடித்தாராம். உங்கள் தகுதிக்கு இந்த ஏரியாவில் வீடு காட்டியதே பெரிசு என்றாராம். மரியாதையாகப் பேசுகிற பெரிய மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் வந்தார். பெண். நாற்பது வயதிருக்கும். ஸ்கூட்டியில் வந்தார். ஷூ, தோள்பை, உள்ளே சின்னச் சுத்தியல், டார்ச், சுவரில் வைத்தால் ஈரம் காட்டும் மெஷின். வந்ததும் வீட்டுக்குள் போகவில்லை. கட்டடத்தைச் சுற்றி வந்தார். பால்கனியின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூணைப் பார்த்தார். மாடிப்படியில் நான் நின்ற அதே இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். எழுதிக்கொண்டார். பேங்க் ஆள் மொத்தமாக இருந்த நேரம் இவருக்கு மாடிப்படிக்கே போனது.

உள்ளே வந்து ஃபேனை நிறுத்தச் சொன்னார். யாரும் பேச வேண்டாம் என்றார். நான் ஏணி பிடித்தேன். அவர் தட்டினார். பானைச் சத்தம் வந்த இடத்திலெல்லாம் நீலச் சாக்பீஸால் வட்டம் போட்டார். ஹாலில் ஏழு வட்டம். சமையலறையில் மூன்று. தங்கை ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு முறை கண்ணை மூடினாள்.

"மேடம், பெயிண்ட் வீணாப் போவுது. ஓனர் இன்னா சொல்லுவாரு," என்றார் புரோக்கர்.

"சாக்பீஸ்தான் சார். துடைச்சா போயிடும்."

படுக்கையறை. நடுவில் ஏணியைப் போட்டேன். மேடம் ஏறினார். ஒரு தட்டு. இரண்டாவது தட்டில் தோசைக்கல் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து என் தோளை உரசிக்கொண்டு தரையில் விழுந்து உடைந்தது. பெயர்ந்த இடத்தில் கம்பி. பழுப்பு. வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்து நின்றது. மேடம் விரலால் தொட்டார். ஒரு அடுக்கு கையோடு வந்தது.

"அடிச்சா எந்த வூடும் உழும் மேடம்," என்றார் புரோக்கர்.

"நான் இன்னும் அடிக்கவே இல்ல சார்."

தங்கை தரையைப் பார்த்தாள். துண்டு விழுந்தது அவள் கட்டிலுக்கு அளந்த இடம். தலைமாடு. அவள் வெளியே போய்ப் பால்கனியில் நின்றாள். அந்த ஒரு முழத்தைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. முதுகுதான் தெரிந்தது.

இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது. டைப் அடித்து, போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டு. தங்கை வீட்டில் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை அதைச் சத்தமாகப் படித்தார். கம்பிகள் அரிக்கப்பட்டுள்ளன. பழுது மேற்பூச்சால் மறைக்கப்பட்டுள்ளது. வாங்கப் பரிந்துரைக்கவில்லை. டீக்கடையில் நான் சொன்னதுதான். என் வாயால் சொன்னபோது பொறாமை. பேப்பரில் வந்தபோது உண்மை.

"மேடம் கரெக்டா கண்டுபிடிச்சிட்டாங்க, பாத்தீங்களா மச்சான்?" என்றார்.

நான் இட்லியை முடித்துவிட்டுக் கைகழுவினேன். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்காது. வீடு வாங்கவில்லை. அது போதும்.

பத்து நாள் கழித்து புரோக்கர் போன் செய்தார்.

"அண்ணே, அன்னிக்கு ஏணி புடிச்சியே, அந்த வூடு. பெட்ரூம்ல ஓட்டை அப்டியே கீது. அடைச்சு பட்டி பாத்துக் குடுண்ணே. ஞாயித்துக்கெழமை புது பார்ட்டி வருது."

"அவங்க இன்ஜினியர இட்டாராங்களா?"

"சேச்சே. அவங்க நல்லவங்கண்ணே. வாஸ்து மட்டும் பாத்தாங்க."

கையில் கலவை இருந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்திருந்தேன்.

"வேற ஆளப் பாரு," என்றேன்.

"நீ இல்லன்னா இன்னொருத்தன். இதுல இன்னா உனுக்கு?"

வைத்துவிட்டேன். அவர் சொன்னது சரி. அன்று சாயங்காலமே எவனோ ஒருத்தன் ஏணி போட்டிருப்பான். இத்தனை வருஷம் நான்தான் அந்த இன்னொருத்தன்.

இரண்டு மாதம் கழித்துப் பட்டினப்பாக்கத்தில் ஒரு வேலை. சைக்கிளில் அந்தத் தெரு வழியாகப் போனேன். கேட்டில் வாழைமரம் கட்டியிருந்தது. மாவிலைத் தோரணம். இரண்டாவது மாடியிலிருந்து ஹோமப் புகை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. சைக்கிளை நிறுத்தினேன். மேலே ஏறினேன்.

வாசலில் முப்பது சொச்சம் வயது ஆள். பட்டு வேட்டி, வேர்வை, சிரிப்பு. என் சட்டையில் சிமெண்டைப் பார்த்தார்.

"வாங்கண்ணே. நீங்கதான் பெயிண்ட் வேலை பண்ணவரா? சூப்பரா பண்ணிருக்கீங்க." கையில் பாயசக் கப்பைக் கொடுத்தார். "உள்ள வாங்க, பாருங்க."

பார்த்தேன். சீலிங் பால் மாதிரி இருந்தது. படுக்கையறையில் புதுக் கட்டில். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதே இடம். கட்டிலில் ஒரு கைக்குழந்தை தூங்கியது.

"சார், கட்டில இங்க போடாதீங்க," என்றேன்.

"ஏண்ணே?"

"மேல கம்பி பூடுச்சு. நான் பாத்தேன். உழும்."

ஹாலிலிருந்து ஒரு பெரியம்மா ஓடிவந்து குழந்தையைத் தூக்கினார். கண் என்மேல். "பால் காச்சின வீட்ல நல்ல நாளும் அதுவுமா வாயப் பாரு. யாருடா இவன உள்ள விட்டது?"

"அம்மா, ஒரு இன்ஜினியர இட்டாந்து தட்டிப் பாருங்க. நான் சொல்றத நம்ப வேணாம்."

"பணம் வேணும்னா கேளு," என்றார் பட்டு வேட்டிக்காரர். சிரிப்பு போய்விட்டது. "இப்டிப் பேசாத. வெளிய போ." என் முழங்கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அடிக்கவில்லை. கதவைச் சாத்தினார்.

எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. என் வீட்டில் யாராவது அபசகுனமாகப் பேசினால் நானும் அதைத்தான் செய்வேன். கோபம் பூசியவன்மேல். விற்றவன்மேல். நல்லவங்க என்று சொன்ன வாய்மேல். மோர் குடித்த என் வாய்மேல். அடையாறு வீட்டுக்கு இன்னும் போகவில்லை. தெரு ஞாபகம் இருக்கிறது. இந்த வாரம் போவேன்.

பாயசம் கையிலேயே இருந்தது. படியில் வைத்தேன். இவர்கள் வாசல் சுவருக்கும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதற்கு மேலே மாடிப்படித் தளத்தில் அந்தப் பழுப்புக் கோடு அப்படியே இருந்தது. காதில் பென்சில் இருந்தது. காலிங்பெல்லுக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிற உயரத்தில், அந்த மேடத்தின் நம்பரை என் போனில் பார்த்துப் பெரிசாக எழுதினேன். கீழே இன்ஜினியர் என்று எழுதினேன். அதற்கும் கீழே சீலிங் என்று எழுதினேன்.

புதுப் பெயிண்ட். நன்றாகப் பதிந்தது.