வானம் வெளுத்த காலை

அந்தக் காலையை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அதன் நீலம்தான். விடியும்வரை கொட்டிய மழை நின்று, கப்பலின் தளம் முழுவதும் கழுவிவிட்ட வாசல் போலப் பளிச்சென்று கிடந்தது. ஒரு சிறிய சரக்குக் கப்பலில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நான் மூன்றாம் அதிகாரி. எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை, கப்பலைச் செலுத்தும் மேலறையில் என் முறை. வானிலை அறிக்கையைப் படித்துக் கேப்டனுக்குச் சொல்வதும் என் வேலை.

போசன் என்றால் தளத்து ஆட்களுக்கெல்லாம் மூப்பர். எங்கள் போசன் பல்லடத்துக்காரர், நான் சூலூர். இரண்டு ஊரிலிருந்தும் கடலைப் பார்க்க வேண்டுமானால் அரை நாள் பஸ்ஸில் குலுங்க வேண்டும். “உங்க ஊருல பெரிய தண்ணின்னா லாரித் தண்ணிதானவே” என்று தூத்துக்குடிக்காரச் சமையல்காரர் எங்கள் இருவரையும் ஓட்டிக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் முன்னால் போசன் என்னை சார் என்பார். தனியாக இருந்தால் தம்பி. சோளம் ஏற்றிய அன்று ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டு, “ஏனுங்க தம்பி, கண்ணை மூடுனா எங்கூட்டுக் கோழிப்பண்ணைல நிக்கறாப்ல இருக்குதுங்க” என்றார். வீட்டு நினைப்பு வந்துவிட்டால் அவருக்கு மூக்குதான் முதலில் சிவக்கும். அன்றும் சிவந்தது.

எங்கள் பக்கத்தில் காற்றுக்கு யாரும் பயப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில், பல்லடம் பஸ் ஸ்டாண்டில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். காற்றாலைகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், மழை எட்டிக்கூடப் பார்க்காது. காற்றடித்தால் மழை இல்லை, துணி காயும், சாளைக் கூரை ஒழுகாது. பிறந்ததிலிருந்து உடம்பில் ஊறிய கணக்கு அது. வளைகுடாவில் குளிர்காலத்துக் கணக்கு வேறு. வடக்கே நிலத்திலிருந்து குளிர்ந்த காற்று திரளாக இறங்கி, கடல்மேல் இருக்கும் வெதுவெதுப்பான காற்றை நெட்டித் தள்ளிக்கொண்டு வரும். அந்த முன்விளிம்பைத்தான் கோல்டு ஃபிரண்ட் என்பார்கள். மேகமும் இடியும் மழையும் அதனோடு வந்து போய்விடும். வானம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும். அசல் காற்று அதற்குப் பிறகுதான் வரும். வெயிலடிக்கிற வானத்தின் கீழே மணிக்கணக்கில் வீசி வீசி அலையை வளர்க்கும். இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதிப் பாஸானவன் நான். அன்று என் கையிலிருந்த அறிக்கையிலும் இரண்டே வரிகள்தாம். ஃபிரண்ட் விடிவதற்குள் உங்களைக் கடந்துவிடும். அதன்பின் வடக்கிலிருந்து கடுங்காற்று, உயர்ந்த அலைகள்.

ஒன்பது மணி இருக்கும், போசன் மேலே வந்தார். கப்பலின் பின்கோடியில் ஒரு இரும்பு மூடி திறந்துகொண்டதாகவும் உள்ளே தண்ணீர் இறங்குவதாகவும் சொன்னார். “மழை உட்டுருச்சுங்க தம்பி. வானமும் வெளுத்துப்போச்சு. காத்து மட்டுந்தானுங்க, நம்மூரு ஆடிக் காத்தாட்ட. ஒரே ஓட்டமாப் போயி மூடிப்போட்டு வந்தர்றனுங்க.” நான் சிரித்தேன். எனக்கும் நம்மூர்க் காற்றாகத்தான் பட்டது. தன் அறையில் இருந்த கேப்டனிடம் போனில் அனுமதி கேட்டேன். வானிலை எப்படி என்று கேட்டார். “ஃபிரண்ட் கடந்துவிட்டது சார்” என்றேன். சரி, போகட்டும் என்றார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. முதல் வரியை அப்படியே சொன்னேன். இரண்டாவது வரியைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மேலறையின் வெளிப்பக்கத்தில் நின்று பின்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணைக்கு வந்த தளத்து ஆளைக் கதவுக்குள்ளேயே நிறுத்திவிட்டு போசன் மட்டும் போனார். மூடியைத் திருகி முடித்ததும் அண்ணாந்து பார்த்து எனக்குக் கையை ஆட்டினார். அவருக்குப் பின்னால் ஒரு அலை எழுந்து தளத்தின்மேல் ஏறியது. நான் கத்தினேன்; காற்று அதை என் வாயிலேயே திணித்தது. தண்ணீர் வடிந்தபோது அங்கே யாரும் இல்லை. இருட்டும்வரை கப்பல் சுற்றிச்சுற்றி வந்தது. ஒரு விமானமும் வந்து தேடியது. வெள்ளை நுரை தவிர எதுவும் கண்ணில் படவில்லை. விசாரணையில் என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை. காணாமல் போனார் என்று எழுதி முடித்தார்கள்.

நான் கடலை விட்டு சூலூரில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். போசனின் மனைவியைப் பார்க்கப் பல்லடத்துக்கு முதல்முறை போனபோதே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். அந்த அக்கா காபியைக் கையில் கொடுத்துவிட்டு, “நீங்கதானுங்களா அந்தத் தம்பி? நம்மூருத் தம்பிதான் வானிலை பாக்குது, நீ பயப்படாதேன்னு போன்ல சொல்லீட்டே இருப்பாருங்க” என்றார். சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் காபியைக் குடித்தேன். அவர் நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலியும் அப்படியே இருந்தன. கருமாதி செய்துவிடலாம் என்று சொன்ன உறவினர்களை அவர் வீட்டுப் படி ஏற விடுவதில்லை. “கெணத்துல நீச்சல் பழகுன ஒடம்புங்க. ஏதாச்சும் தீவுல கரையேறியிருப்பாரு. என்னங்க தம்பி?” என்பார். நான் தலையாட்டுவேன். மூன்று வருடம் போகும்போதெல்லாம் தலையாட்டினேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் திரும்பி வருவேன்.

போன மாதம் சொல்லிவிட்டேன். அறிக்கையில் இருந்த இரண்டு வரிகள், நான் விழுங்கிய ஒரு வரி, நான் சிரித்தது, அந்த அலை, குளிர்காற்றில் அந்தத் தண்ணீரில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன்; அதற்காகவே போயிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தப்பு எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கடைசியில், “அப்பிடீன்னா, அவரு வரமாட்டாருங்களா தம்பி?” என்று கேட்டார்.

“வரமாட்டாருங்கக்கா” என்றேன். மூன்று வருடமாக யாரும் அதை அவரிடம் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை.

நேற்று அவருடைய மகன் கருமாதிப் பத்திரிகையைப் போனில் அனுப்பியிருந்தான். போசனின் படம், அதன் கீழே பிறந்த தேதி, மறைந்த தேதி. மறைந்த தேதி என்ற இடத்தில் அலை வந்த நாள் இல்லை. நான் அந்த வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்த நாளைப் போட்டிருந்தார்கள்.