தம்பியைத் தொலைத்தவள்

எட்டு வயதில் எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது: தம்பியைத் தொலைத்தவள். ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டுக்கு யார் வந்தாலும், தேநீர் வருவதற்கு முன்பே அம்மாவிடமிருந்து அந்தக் கதை வந்துவிடும். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினோம். ஃபெர்ரியிலிருந்து இறங்கும் கூட்டத்தில் நான் தம்பியின் கையை விட்டுவிட்டேன். நாலு வயதுப் பிள்ளை ஃபெர்ரியிலேயே நின்றுவிட்டான். அது அவனையும் ஏற்றிக்கொண்டு மறுகரைக்குத் திரும்பிப் போய்விட்டது.

கேட்டவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து 'ச்சு' கொட்டினார்கள். நானும் நம்பிவிட்டேன். அதன்பின் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பள்ளி ஓய்வுநேரத்தில் வேலியோரம் ஓடிப்போய், பக்கத்துப் பாலர் பள்ளியில் அவன் தலை தெரிகிறதா என்று பார்ப்பேன். பசாரில் நான் பிடிக்கிற பிடியில் அவன் அலறுவான். அவன் குளிக்கப் போனால்கூட வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பேன். என்னைப் பார்த்தவர்கள், பிள்ளைக்கு ஏதோ காத்துக் கருப்பு என்றார்கள்.

செபராங் ஜெயாவிலிருந்து அம்மாவின் தங்கை, ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்த சின்னம்மா, ஒருநாள் வந்தாள். அம்மா வழக்கம்போல் ஆரம்பித்தாள். சின்னம்மா 'ச்சு' கொட்டவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "சரி லா, அப்புறம் நீ என்னா பண்ணே?" என்றாள்.

அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. அப்புறமா? ஓடினேன். இறங்குதுறை கேட்டில் வேலைக்கு நின்ற மலாய்க்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து, தெரிந்த அரைகுறை மலாயில், என் தம்பி ஃபெர்ரியில் இருக்கிறான், மஞ்சள் சட்டை என்று கத்தினேன். அவர் மறுகரைக்கு ஃபோன் செய்தார். அடுத்த ஃபெர்ரியில் தம்பி பிஸ்கட் தின்றபடி வந்து சேர்ந்தான்.

"சட்டைக் கலரு சொன்னது யாரு, அம்மாவா?"

"நான்தான். அம்மா அழுதுகிட்டே நின்னாங்க."

"பாத்தியாக்கா? தேடிக் கொண்டாந்ததும் இவதான் லா. அதையும் சேத்துச் சொல்லு."

பால் பொங்குகிறது என்று அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். எங்கள் வீட்டில் எப்போதும் காய்ச்சவே தேவையில்லாத டின் பால்தான்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்து வந்த விருந்தாளிக்கு, அம்மா வாயைத் திறக்குமுன் நானே கதையைச் சொன்னேன், அம்மா அழுததையும் விடாமல். பள்ளியில் உட்கார்ந்து நிதானமாக நாசி லெமாக் சோறு தின்றேன். அம்மா பிறகு அந்தக் கதையை எடுக்கவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பேச்சின் நடுவே எழுந்துபோய், தம்பி வராந்தாவில் இருக்கிறானா என்று அம்மா பார்க்கத் தொடங்கியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று அந்தக் கூட்டத்தில் தம்பி எனக்கும் அம்மாவுக்கும் நடுவில்தான் நடந்து வந்தான். அவனுடைய இன்னொரு கை யாரிடம் இருந்தது என்று சின்னம்மா கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.